தாடையைக் குத்திய ஊக்கு

வேலை நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் வெல்காவுக்குப் பிடிக்காது. தட்டாமல் உள்ளே வந்தால் சுத்தமாகப் பிடிக்காது. மல்டாவோ எந்தக் கதவையும் தட்டுகிற ஆள் இல்லை. ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, ஒரு கையில் காரட் அப்பத் தட்டும் இன்னொரு கையில் கைக்குட்டைப் பொட்டலமுமாக மியூசியத்தின் பின்கட்டு அறைக்குள் நேரே நுழைந்தாள். மேஜைமேல் இருந்த சாமான்களைப் புறங்கையால் ஒதுக்கித் தட்டை வைத்தாள்.

"அங்க வைக்காத மல்டா. அந்தப் பெட்டியில இருக்கிறது கல்லறை மண்ணு."

"மண்ணுக்குப் பசிக்கவா போகுது? தள்ளி வை. என் ஊக்கு ஒடைஞ்சு போச்சுடி."

பொட்டலத்தைப் பிரித்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கம்பளிச் சால்வையை நெஞ்சுக்கு நேரே கோத்துப் பிடிக்கக் குத்திக்கொள்ளும் வெண்கல ஊக்குதான் அது. வாய் திறந்த ஒரு வளையம், அதில் நகருகிற ஒரு முள், அவ்வளவுதான். வளையத்தின் இரண்டு முனைகளும் பாய் சுருட்டின மாதிரி சுருண்டிருக்கும். மல்டாவின் ஊக்கில் முள்ளை வளையத்தோடு பிணைக்கும் காது விரிசல் கண்டு, முள் தனியாகக் கழன்று கிடந்தது.

"ரெண்டு சொட்டு ஈயம் விட்டு ஒட்டிக் குடு. திருவிழாவுக்கு வேணும்."

"ஒட்டலாம். அவசரமா?"

"அவசரம்தான். இதோட சரிடி. அடுத்த திருவிழா வரைக்கும் என் முட்டி என்னைத் தூக்கிக்கிட்டு நிக்காது. ஏறப்போறது கடைசி மேடை. விலிஸ் குடுத்த ஊக்கு இல்லாம நான் ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தலைநகர் ரிகாவில் நடக்கும் பாட்டுத் திருவிழாவைச் சொல்கிறாள். நாட்டிலுள்ள பாட்டுக் குழுக்களெல்லாம் சால்வையும் ஊக்கும் அணிந்து ஒரே மேடையில் ஏறி நிற்கும். எங்கள் ஊர்க் குழுவும் போகும். அதில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் மல்டா, அவளுக்கு இடப்பக்கம் வெல்கா. பாட்டு வரிசையில் பக்கத்தில் நிற்பவர்கள் வயசு பார்ப்பதில்லை, அதனால்தான் பத்து வயது மூத்தவளை வெல்கா பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

வெல்கா இந்த மியூசிய வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. முன்பு அவள் பால் தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். யார் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொட்டு பார்த்துச் சொல்லிவிடுவாள். கூட்டுப் பண்ணைத் தலைவர்களே அவளைக் கண்டால் வேறு பாதையில் போவார்கள். தொழிற்சாலையை மூடினார்கள். கண்ணாடிக் குழாயை உடைக்காமல் அமிலத்தைக் கையாளத் தெரிந்த ஒருத்தி மியூசியத்துக்குத் தேவைப்பட்டாள். ரிகாவில் படிக்க வைத்து, பழம்பொருட்களை ஆராய்ந்து பழுது பார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். "முன்னாடி பால், இப்போ செம்பு. ரெண்டுலயும் கலப்படம் கண்டுபிடிக்கிறதுதான்" என்பாள்.

அந்தக் காலத்தில்தான் அவள் புருஷன் அயர்லாந்துக்குக் காளான் பண்ணை வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். வெல்கா வீட்டில் ஜன்னல் திரையைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ஒரு வாரம் பார்த்த மல்டா, பட்டாணியும் பன்றிக்கறியும் வேகவைத்த பானையோடு வந்து நின்றாள்.

"தின்னு. தின்னுட்டுச் சால்வையை எடு. ஆல்ட்டோல ஒரு இடம் காலியா இருக்கு."

"எனக்குப் பாட வராது மல்டா."

"யாருடி பாடச் சொன்னா? வாயை அசை போதும்."

அசைக்கப் போனவள் பாடவே கற்றுக்கொண்டாள். அவள் மறுபடி மனுஷியானது அந்த வரிசையில் நின்றுதான். ஆகவே மல்டா ஊக்கை நீட்டியபோது, கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

அந்த ஊக்கு எங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஊக்குதான். கல்யாணமான புதிதில் மல்டாவின் புருஷன் விலிஸ், லியபாயா நகரத்துப் பட்டறையில் சொல்லிச் செய்ததாகச் சொல்லி மனைவிக்குக் கொடுத்தார். முள் கொஞ்சம் நீளம். பாட்டுத் தாளைப் பார்க்க மல்டா குனிந்தாளானால் நுனி தாடையில் குத்தும். "அந்தப் பட்டறைக்காரனுக்குக் கண்ணு பொட்டை" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் திட்டுவாள். விலிஸ் பின்வரிசையில் ஆண்களின் அடிக்குரலான பாஸ் பாடுகிறவர். கேட்டுச் சிரித்துக்கொள்வார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. திட்டு மட்டும் நிற்கவில்லை.

ஒட்டுவதற்கு முன்னால் அழுக்கை எடுக்க வேண்டும். மல்டா போன பிறகு வெல்கா வளையத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். கோடைத் திருநாளுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஊக்கைப் புளித்த பாலும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். மங்கின ஊக்கோடு வந்தால் வரிசையே கேலி செய்யும். மல்டா மற்றவர்களைவிட ஒரு படி மேல், பல் துலக்கும் பிரஷ் வைத்தே தேய்ப்பாள். ஆகவே வளையம் நேற்று வார்த்ததுபோலப் பளபளத்தது. சுருண்ட முனைகளுக்குள் மட்டும் பிரஷ் போகாது. அங்கே பால் சாம்பல் கெட்டித்து அடைத்துக்கொண்டிருந்தது. வெல்கா ஒரு வேலிமுள்ளை எடுத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள்.

அடியில் பச்சை தெரிந்தது. வெறும் களிம்புப் பச்சையாக இருந்தால் வேலிமுள் பட்டதும் பொடியாக வந்துவிடும். இது வரவில்லை, கல்லாக இருந்தது. ஒளியைச் சாய்த்துப் பார்த்தாள். கல்லுக்குள் வரிவரியாக இழைகள் தெரிந்தன. இரண்டு புரி முறுக்கின கம்பளி நூல். என்றைக்கோ சுருளுக்குள் சிக்கியது, செம்பின் உப்பு ஏறி ஏறி இழைக்கு இழை கல்லாக உறைந்துவிட்டது. அப்படி உறைய வேண்டுமானால் மண்ணுக்கடியில் பல நூறு வருஷம் கிடக்க வேண்டும்.

எங்கள் ஊரில் எல்லாரும் அணிவது பழங்கல்லறை ஊக்குகளைப் பார்த்துச் செய்த நகல்கள். நகல்களின் நடுவே அசல் ஒன்று மல்டாவின் மார்பில் இத்தனை காலம் பளபளத்துக்கொண்டு இருந்திருக்கிறது. பக்கத்திலேயே நின்ற ஆராய்ச்சிக்காரிக்குத் தெரியவில்லை, நாங்கள் எங்கே கண்டோம்?

அவசரப்பட்டு முடிவு கட்டுகிறவள் இல்லை வெல்கா. ஊக்கை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் ஸிக்மாரிடம் போனாள். மியூசியத்தில் எக்ஸ்ரே கருவி இல்லை, ஊரில் இருப்பது நாய்க்கும் பூனைக்கும் எடுக்கிற அது ஒன்றுதான்.

"நோயாளி ரொம்ப மெலிஞ்சிருக்காரே. என்ன சாப்பிடறார்?" என்றார் ஸிக்மார்.

"பேசாம படம் எடு."

படத்தில் வளையத்தின் உள்ளே ஊசிமுனை அளவு குமிழிகள் நிறையத் தெரிந்தன. கையால் வார்த்து, பிறகு முறுக்கின வெண்கலம். முள்ளிலோ ஒரு குமிழிகூட இல்லை, ஆலையில் இழுத்த கம்பி. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போய், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும், கைத்துப்பாக்கி மாதிரியான கருவியை வாங்கி வைத்துப் பார்த்தாள். வளையத்தில் செம்பு, தகரம், கொஞ்சம் ஈயம். முள்ளில் செம்பும் தாராளமாகத் துத்தநாகமும், அதாவது வெறும் பித்தளை. யாரோ பிற்பாடு போட்ட முள் என்று அதைப் பொருட்படுத்தாமல் விட்டாள். வளையம்தான் அவள் தலையில் இடியாக இறங்கியிருந்தது.

மண்ணிலிருந்து எடுத்த இவ்வளவு பழைய பொருள் யார் வீட்டுப் பெட்டியிலும் இருக்கக் கூடாது, மியூசியத்துக்கு வந்துவிட வேண்டும். சட்டம் அப்படி. சொன்னால் மல்டா கடைசி மேடைக்கு வெறும் நெஞ்சோடுதான் போக வேண்டும். அதைவிட, விலிஸ் பட்டறைக் கதை விட்டது வெளியே வரும். சொல்லாமல் ஈயத்தை விட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டால்? ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் சூடு பட்டால் அந்த நூல் பொரிந்து உதிர்ந்துவிடும். ஈயக்கோலை இரண்டு முறை கையில் எடுத்தாள், இரண்டு முறையும் கீழே வைத்தாள். பாலில் தண்ணீர் கலந்தவன் சொந்த மாமனாக இருந்தபோதே மறைக்காதவள், இப்போது மறைக்கத் தெரியாமல் தவித்தாள்.

மறுநாள் மத்தியானம் மல்டா வீட்டுச் சமையலறைக்குப் போனாள். மல்டா திருவிழாப் பாவாடையின் மடிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒட்டிட்டியா?"

"ஒட்டல. உக்காரு மல்டா, ஒண்ணு சொல்லணும்." வெல்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். நூல், குமிழி, தகரம், சட்டம்.

மல்டா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்போ விலிஸ் என்கிட்ட பொய் சொன்னாருன்னு சொல்ற."

"பட்டறையில செஞ்சது இல்லன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். செத்துப்போன மனுஷனைப் பொய்யன் ஆக்கிட்ட, இருக்கிற ஊக்கையும் பிடுங்கப் பாக்கற. உன்னை யாருடி குடையச் சொன்னா? ரெண்டு சொட்டு ஈயம் கேட்டேன், அவ்வளவுதானே?"

"சூடு பட்டா அந்த நூலு போயிடும்."

"போகட்டுமே. எவளோ ஒருத்தியோட நூலு உனக்கு என்னைவிடப் பெருசாப் போச்சா? எழுந்து போ."

வெல்கா எழுந்து போனாள். வேறென்ன செய்வாள்?

அந்த வாரத்து ஒத்திகைக்கு மல்டா சால்வையைத் தோளில் வெறுமனே போட்டுக்கொண்டு வந்தாள். வழக்கமான இடத்தில் நிற்காமல் வரிசையின் மறுகோடிக்குப் போனாள். வெல்காவின் வலப்பக்கம் ஒரு ஆள் அகலத்துக்குக் காலியாக இருந்தது. ஊக்கு இல்லாமல் வருகிறவளை நாங்கள் கேலி செய்வது வழக்கம்.

"என்ன மல்டா, சால்வையைப் பிடிக்க ஆள் இல்லையா?" என்று யாரோ விவரம் தெரியாமல் கேட்டுத் தொலைத்தார்கள்.

"இருந்த ஆளும் திருட்டுப் பொருளைக் குடுத்துட்டுப் போயிருக்கார்" என்றாள் மல்டா, வெல்காவைப் பார்க்காமலே. ஒருவரும் சிரிக்கவில்லை. வெல்கா அன்று பழையபடி வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை மியூசியத்துக்குப் போனதும், கோபத்தில் அந்த முள்ளை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் போட்டாள். விலிஸ்மேல் கோபம். நல்ல மனுஷர், ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் இத்தனை வம்பு உண்டா? முள் முழுக்க அரம் தேய்த்த கீறல்கள். அனுபவமில்லாத கை, ஆனால் பொறுமையான கை. நுனியைக் கூராக்க மிகவும் பாடுபட்டிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. கீறல்கள் சாயும் பக்கம் சரியாக இல்லை.

ஒரு துண்டுப் பித்தளைக் கம்பியைப் பிடிப்பானில் இறுக்கித் தானே அரத்தால் தேய்த்துப் பார்த்தாள். அவள் கீறல் ஒரு பக்கம் சாய்ந்தது, முள்ளின் கீறல் எதிர்ப்பக்கம். அரத்தை இடது கைக்கு மாற்றித் தேய்த்தாள். இப்போது இரண்டும் ஒன்றுபோலச் சாய்ந்தன.

எங்கள் ஊரில் இடது கைக்கென்று பிடி போட்ட புல்லரிவாள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. யாரும் இரவல் கேட்க முடியாத அரிவாள். அது விலிஸினுடையது. அவர் கூட்டுப் பண்ணைப் பணிமனையில் மெக்கானிக். அங்கே பற்றவைக்கிற பித்தளைக் கம்பி கட்டுக்கட்டாகக் கிடக்கும்.

மல்டா வீட்டுக்கு ஓட வேண்டும் என்று எழுந்தாள். அதற்குள் கதவு தட்டாமல் திறந்தது.

"என் ஊக்கைக் குடு. ஒட்ட வேணாம், ஒடைஞ்சதாவே குடு. அப்புறம் உன் சட்டத்தை என் வீட்டுக்கு அனுப்பு, பாத்துக்கறேன்" என்றாள் மல்டா.

"தரேன். முதல்ல இங்க கண்ணை வை."

"எதுக்கு?"

"வை மல்டா. உன் காலைப் பிடிக்கறேன்."

மல்டா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து கண்ணை வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"கம்பி. கீறல் கீறலா இருக்கு."

"எந்தப் பக்கம் சாயுது?" வெல்கா தன் துண்டுக் கம்பியைப் பக்கத்தில் நகர்த்தினாள். "இது என் வலது கையால அராவினது. இந்த முனை இடது கையால அராவினது. எது முள்ளு மாதிரி இருக்கு?"

மல்டா கண்ணை எடுக்காமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பட்டறைக்காரன்னு யாருமே இல்ல மல்டா. வளையம் மண்ணுல கிடைச்சது. முள்ளை உக்காந்து அராவினது விலிஸ்."

"சட்டைக் கை மடிப்பு முழுக்கப் பித்தளைத் தூளு" என்றாள் மல்டா மெல்ல. "கல்யாணமான வருஷம். ஏரிக்கரை மேட்டுல கால்வாய் வெட்டப் போய்க்கிட்டிருந்தார். மேஜை விரிப்புல கொட்டுதுன்னு தினம் கத்தினேன். டிராக்டர் வேலைன்னு சொன்னார்." நிமிர்ந்தாள். முகம் நனைந்திருந்தது. "அப்போ கண்ணு பொட்டைன்னு நான் இத்தனை காலமும் திட்டினது அந்த மனுஷனையேவா?"

"ஆமா."

"பின்வரிசையில நின்னு சிரிச்சாரேடி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"கையில காசில்லாம மண்ணுல கிடைச்சதைக் குடுக்கறேன்னு சொல்ல வெக்கப்பட்டிருப்பார். அப்புறம் சொல்லியிருந்தா, நீ திட்டறதை நிறுத்தியிருப்ப."

மல்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே கைக்குட்டையைத் தேடினாள். வெல்காவுக்கும் கண் முட்டிக்கொண்டு வந்தது. கல்லறை மண்ணுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கைக்குட்டையை நீட்டினாள்.

பிறகு மல்டாவே கேட்டாள். "அந்த நூலைக் காட்டு."

வெல்கா வளையத்தை வைத்துக் கொடுத்தாள்.

"இது யாரோடது?"

"உன்னை மாதிரி ஒருத்தியோடது. அவளும் சால்வையிலதான் குத்தியிருக்கா. அப்படியே புதைச்சிருக்காங்க."

"அவ தாடையிலயும் குத்தியிருக்குமா?"

"அவ ஊக்கைச் செஞ்சவன் நிஜமான பட்டறைக்காரன். முள்ளு அளவா இருந்திருக்கும்."

மல்டா வளையத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டாள். "அவளோடது அவளுக்கு இருக்கட்டும். கண்ணாடிக்குள்ள நல்லபடியா வை, பாலும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சுடாத. ஆனா முள்ளு என்னோடது. அதுல எந்த அரசாங்கம் கை வச்சாலும் விரலை ஒடிப்பேன்."

இரண்டு பேருமாக மியூசிய டைரக்டர் இங்குஸின் அறைக்குப் போனார்கள். இங்குஸ் பாலர் பள்ளியில் படித்த காலத்தில் அங்கே சமையல் மல்டாதான், இன்றைக்கும் அவளைக் கண்டால் முதுகை நிமிர்த்தி உட்காருவான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏரிக்கரை மேடு எது என்று இரண்டு முறை விசாரித்தான். அடுத்த வசந்தத்தில் அங்கே தோண்டிப் பார்க்க ஆள் வரவழைப்பதாகச் சொன்னான். "முள்ளு பழம்பொருள் இல்ல, அது உங்களோடதுதான் மல்டா அம்மா" என்றான். "ஆனா வளையம் இல்லாம முள்ளை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"அதை நீ யோசி. உனக்குக் கஞ்சி ஊத்தினவ நான்."

இங்குஸ் எழுந்து வெளியே போய், மியூசியக் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த நகல் ஊக்கு ஒன்றோடு திரும்பினான். சுருட்டின முனை, முறுக்கின வளையம், அதே ஜாடை.

மிச்சம் வெல்காவின் வேலை. நகலின் மெலிந்த முள்ளைக் கழற்றி வீசினாள். விலிஸின் முள்ளில் விரிசல் விட்ட காதை வெட்டி எடுத்தாள். வேறு முள்ளாக இருந்தால் இதற்குமேல் மிஞ்சுவது ஊக்குக்குப் பற்றாது. இது நீளமான முள்ளாயிற்றே. மிச்சம் இருந்ததில் ஒரு விரல்கடை எடுத்துச் சூடாக்கி, புதுக் காது வளைத்து, வளையத்தில் கோத்தாள். பித்தளைக்குச் சூட்டைப் பற்றிப் பயமில்லை. மல்டா பக்கத்தில் நின்று, கீறல் படாமல் பிடி, அங்கே அராவாதே, இங்கே அராவாதே என்று உயிரை எடுத்தாள்.

ஜூலையில் ரிகாவில், பைன் மரங்களுக்கு நடுவே அந்தப் பெரிய மேடையில் ஆயிரக்கணக்கானவர்களோடு எங்கள் குழுவும் ஏறி நின்றது. மல்டா தன் பழைய இடத்தில், அவளுக்கு இடப்பக்கம் வெல்கா. இரண்டு நாள் மழை விட்டு அன்றுதான் வெயில். வெல்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். பாட்டுத் தாளைப் பார்க்கக் குனிந்த மல்டா, குனிந்தபடியே நின்றாள்.

"என்ன ஆச்சு? முட்டி வலிக்குதா?"

"குத்த மாட்டேங்குதுடி" என்றாள் மல்டா.

"இப்பத்தான் அளவா இருக்கு" என்றாள் வெல்கா.

மல்டா ஊக்கைப் பிடித்துச் சால்வையில் மேல்நோக்கி நகர்த்தினாள். மறுபடி குனிந்து பார்த்தாள், போதவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். இந்த முறை குனிந்தபோது நுனி தாடையில் நறுக்கென்று குத்தியது.

"கண்ணு பொட்டை" என்று முணுமுணுத்துவிட்டு மல்டா நிமிர்ந்து நின்றாள். மேடைக்கு முன்னால் பாட்டை நடத்துகிறவரின் கை உயர்ந்தது, நாங்கள் பாடத் தொடங்கினோம்.